ஸ்டாண்டு பாய்

என் ஷெட்டுக்கு வேலை கேட்டு வந்தவர்களில் பாதிப் பேரைக் கையைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கரி லோடு லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டு ஏழு வேன் ஓட்டியவன் நான். யாரும் கைதூக்கி விடவில்லை. ஒருவன் கையைப் பார்த்தால் அவன் எத்தனை போல்ட்டு கழற்றியிருப்பான் என்று சொல்லிவிடுவேன்.

இவர் வந்து நின்றபோதுதான் என் பார்வை தப்பியது. நகம் ஒட்ட வெட்டிய, சோப்புப் போட்டுக் கழுவிய கை. சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. ஏதோ ஆபீஸ் குமாஸ்தா, வேன் பிடிக்க வந்திருக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"வேலைக்கு வந்திருக்கேன் தம்பி."

"என்ன வேலை தெரியும்?"

"டயரு, பிரேக்கு."

"எந்த வண்டியில பாத்தீக?"

"பிளேனுல."

வேனுக்கு அடியில் படுத்திருந்த என் டிரைவர் வெளியே தலையை நீட்டி, "மொதலாளி, நம்ம மூணாம் நம்பர் வேனுக்கு ஒரு ஜோடி றெக்கை வைக்கச் சொல்லுங்க, ரொம்ப நாளா கேக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு குனிந்து அந்த மூணாம் நம்பர் வேனின் பின் டயரில் உள்ளங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் இருந்தார். "இடது பக்கம் உள்பக்கமாத் தேயுது. இன்னும் பத்து நாள் தாங்கும்" என்றார். ஒன்பதாம் நாள் வெடித்தது. பத்தாம் நாள் அவரை வேலைக்கு வரச் சொன்னேன்.

நரிக்குடிப் பக்கத்து ஊர்க்காரர். மிலிட்டரியில் பிளேன் பிரிவில் இருபது வருஷம் டெல்லியில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்திருந்தார். அதுவும் எந்தப் பிளேன்? ஜனாதிபதி போகிற விமானம் நிற்கிற இடத்தில் வேலை. இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க நான் என்ன கல்லா? அன்று சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு டீக்கடை முதல் நூல் கடை வரை, ஜனாதிபதி விமானத்தையே மேய்த்தவர் இப்போது என் வேனை மேய்க்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, ஊருக்குள்ள ஒண்ணு சொல்லியிருக்கீக. அதுல ஒரு திருத்தம்."

"என்ன திருத்தம்?"

"ஜனாதிபதி கெளம்பும்போது ரெண்டு பிளேன் நிக்கும். மொதப் பிளேன்ல அவுக போவாக. நான் பாத்தது ரெண்டாவது."

"ரெண்டாவதுல யாரு போவாக?"

"யாரும் போக மாட்டாக."

"பெறகு எதுக்கு அது?"

"மொதப் பிளேனுக்கு ஏதாச்சும் கோளாறுன்னா அவுக எறங்கி இதுல ஏறணும்ல."

"சரி, இருபது வருசத்துல எத்தனை தடவை ஏறுனாக?"

"ஒரு தடவை கூட இல்ல" என்றார். மகள் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்கு வாங்கியதைச் சொல்கிற தகப்பன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம்.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கிளறிவிடுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. இரண்டு விமானத்திலும் ஒரே மாதிரி கம்பளமாம், ஒரே மாதிரி கட்டிலாம். முதல் விமானத்தில் ரோஜாப்பூ வைத்தால் இதிலும் ரோஜாப்பூவாம். பெட்ரோல் முழுக்க ரொப்பி, சமைத்த சாப்பாடு ஏற்றி, படுக்கை விரித்து, விமானம் ஓட்டுகிறவர்கள் பெல்ட்டு மாட்டி உட்கார்ந்திருப்பார்களாம்.

"ஜனாதிபதியப் பாத்திருக்கீகளாண்ணே?"

"முதுகைப் பாத்திருக்கேன். அவுக அந்தப் பக்கம் ஏறுவாக, நாங்க இந்தப் பக்கம் நிப்போம்."

"ஜனாதிபதி சாப்பாடு சாப்பிட்டிருக்கீகளா?"

"ஆறிப்போன பெறகு சாப்பிட்டிருக்கேன். உப்பு கம்மி."

"மொதப் பிளேனு மேல போயி, எல்லாம் சரின்னு சேதி வந்த பெறகுதான் எங்க பைலட்டு பெல்ட்டை அவுப்பாரு. டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க தம்பி, அதுதான் எங்களுக்குத் தீவாளி" என்று ஒரு நாள் சொன்னார். அதைச் சொல்லும்போது சோற்றில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வேலைக்கு இங்கிலீஷில் 'ஸ்டாண்ட்பை' என்று பேராம். எங்கள் ஷெட்டில் அது ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. 'ஸ்டாண்டு பை' ஆகி, பிறகு 'ஸ்டாண்டு பாய்' என்று நின்றுவிட்டது. அருப்புக்கோட்டையில் ஆரம்பித்த அந்தப் பேர் பஸ் ஏறி நரிக்குடிக்குப் போய், அவர் ஊர் டீக்கடையிலும் இறங்கிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

ஆள் அப்படித்தான் எல்லாவற்றிலும். பையில் ஒரு டார்ச் இருந்தால் அடியில் இன்னொரு டார்ச் இருக்கும். மழையே பெய்யாத எங்கள் சீமையில் இரண்டு குடை வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். ஷெட்டுச் சாவிக்கு இன்னொரு சாவி, அந்தச் சாவி தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு யோசனை. அவர் சம்சாரம், எனக்கு மதனி முறை வைத்துப் பழக்கம், பெரிய வாயாடி. ஒரு தடவை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பரிமாறிக்கொண்டே சொன்னார்:

"என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இவருக்கு இன்னொரு வீட்ல பொண்ணு தயாரா இருந்துச்சு தம்பி. கேட்டுப் பாருங்க."

"உன்னையப் பாத்ததும் நான் பெல்ட்டை அவுத்துட்டேன்" என்றார் அவர், இலையிலிருந்து தலை தூக்காமல்.

மதனிக்கு அது விளங்கியதோ என்னவோ, எனக்குப் புரையேறிவிட்டது.

திருச்செந்தூர்ப் பயணத்தைச் சொல்லாமல் இவரைப் பற்றிப் பேசினால் பேசியதாகாது. ஒரு மொட்டை போடுகிற விசேஷத்துக்கு இரண்டு வேன் பேசியிருந்தார்கள். இவர் வந்து, "பின்னால ஒரு வேனு காலியாப் போகட்டும் தம்பி" என்றார்.

"எதுக்கு?"

"ஒருவேளை வழியில நின்னுருச்சுன்னா?"

"ஏண்ணே, டீசல் என்ன உங்க ஊரு கம்மாயிலயா ஊறுது?"

கொஞ்சம் யோசித்தார். "சரி, வேனு வேண்டாம்" என்று போய்விட்டார். போனவர் சும்மா போகவில்லை. தன்னுடைய மொபெட்டில் பின்னால் ஒரு ஸ்டெப்னி டயரைக் கயிறு போட்டுக் கட்டி, முன்னால் ஜாக்கியை வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வேனுக்கும் பின்னாலேயே திருச்செந்தூர் வரைக்கும் போயிருக்கிறார். வேனில் இருந்த பிள்ளைகளெல்லாம் பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, டயர் தாத்தா வாரார், டயர் தாத்தா வாரார் என்று வழி முழுக்கக் கூத்து. இடுப்பு கழன்று மறுநாள் சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார். டயர் கட்டின கயிறு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. கையில் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய். எல்லோருக்கும் கொடுத்தார்.

"என்ன விசேஷம்ணே?"

"டயரு வெடிக்கல."

அதற்குப் பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. கல்யாண வண்டி எது போனாலும் பின்னால் ஒரு வேன் காலியாகப் போகும் என்று ஏற்பாடு செய்தேன். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் என் வண்டியைத் தேடி வந்தார்கள். மற்ற வேன்காரர்கள் வயிறெரிந்தார்கள். இந்த யோசனை யாருடையது என்று கேட்டவர்களிடம் என்னுடையது என்றுதான் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அதற்கு மட்டும் திருத்தம் சொன்னதில்லை.

இனி அவர் மகள் கல்யாணப் பேச்சு. நரிக்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த பிள்ளை. அப்பாவைப் போல அளந்து பேசும். திருச்சுழியில் உரக்கடை வைத்திருந்த ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். அவர் மகன் தீயணைப்பு நிலையத்தில் வேலையில் இருந்தான். சம்பந்தம் பேசிவிட்டது நான்தான். பையன் வந்து பார்த்தான், பிள்ளைக்கும் பிடித்துவிட்டது. தகப்பனிடம் ஒரே ஒரு தடவை, "இந்த வீடு அமைஞ்சா நல்லாருக்கும்ப்பா" என்றதாம். அவர் அதை என்னிடம் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அவ எதையுமே கேட்டதில்ல தம்பி. இது ஒண்ணுதான்."

எனக்கு விட்டால் போதுமா? உரக்கடைக்காரரிடம் போய், "பொண்ணோட அப்பா லேசுப்பட்ட ஆளுன்னு நினைச்சிராதீக. ஜனாதிபதியவே ஏத்தி எறக்குனவரு" என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடத்தான் எனக்குக் கஷ்டம், வாய்க்குக் கஷ்டமில்லை. அவர் அதற்கும் மேலே. மறுநாளே திருச்சுழிக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

பூ வைத்து நிச்சயம் பண்ணுவதற்கு முன்னால் பெண் வீட்டு ஊரில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லாம் தெரிந்த வீடாக இருந்தாலும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தால்தான் மனசு ஆறும். உரக்கடைக்காரரும் விசாரிக்கப் போயிருக்கிறார்.

பூ வைக்கிறதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை பெண் வீட்டில் எல்லோரும் காத்திருந்தோம். திருச்சுழியிலிருந்து கார் வந்தது. உரக்கடைக்காரரும் மகனும் இறங்கினார்கள். கையில் பூத்தட்டு இல்லை.

உரக்கடைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கப்படாது" என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார். "உழைச்சுச் சாப்பிடுற எந்த வேலையும் எனக்குக் கேவலம் இல்ல. சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் கொடுத்தாலும் உழைப்புதான். ஆனா அதை மறைச்சு ஜனாதிபதி, விமானம்னு சொன்னீக பாருங்க, அதுதான் மனசுக்குச் சங்கட்டமாப் போச்சு."

"எந்த சைக்கிள் ஸ்டாண்டு?" என்றேன்.

"இந்த ஊரு டீக்கடையில கேட்டேன். 'டெல்லியில ஸ்டாண்டு பாயா இருந்தாரு'ன்னாக. ஹோட்டல்ல ரூம் பாய் இருக்கான், இவரு ஸ்டாண்டு பாய். எனக்கு வெளங்காதா? பக்கத்து வீரசோழன்ல எனக்குப் பழக்கமான முஸ்லிம் கடைக்காரர் ஒருத்தர்ட்டயும் கேட்டேன். அவரு, 'ஸ்டாண்டு பாயா? எந்தத் தெரு பாய் அவரு, எங்க ஊருல அப்படி ஒருத்தரும் இல்லையே'ன்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, அந்த வார்த்தை எங்கள் ஷெட்டில் எப்படி உடைந்தது என்பதைச் சொன்னேன். மதனி உள்ளே போய் மிலிட்டரி சர்ட்டிபிகேட்டைக் கொண்டு வந்து காட்டினார். அதில் சிங்கம் போட்ட முத்திரை இருந்தது. உரக்கடைக்காரர் முகம் தெளிந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அப்ப விமானந்தான்?"

"விமானந்தான்" என்றேன்.

"ஜனாதிபதி ஏறுன விமானம்?"

அவரைப் பார்த்துத்தான் கேட்டார். ஒரு 'ஆமா' போதும். தலையை ஆட்டினால் கூடப் போதும். நான் மேசைக்கு அடியில் என் காலால் அவர் காலை அழுத்தினேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"இல்லைங்க. அவுக ஏறுனது மொதப் பிளேனு. நான் பாத்தது ரெண்டாவது. அதுல அவுக ஒரு நாளும் ஏறல. நான் அவுகள ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்ல."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைதான் ஆற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப இருபது வருசமா?"

"தயாரா நின்னேன்."

"சும்மா நின்னீக."

"சும்மா நிக்கல. தயாரா நின்னேன்."

உரக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நான் கடைத்தெருவுல ஒருத்தர் விடாமச் சொல்லிட்டேன். இனிமே என்னன்னு சொல்லுவேன்? யாருமே ஏறாத பிளேனுக்கு என் சம்பந்தி டயரு தொடைச்சாருன்னா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்திருக்கிற துண்டு அது. எத்தனை வியாபாரத்தில் அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் அதுவரை கதவோரம் உட்கார்ந்திருந்த பையன் வாயைத் திறந்தான்.

"அப்பா, போன மாசம் நான் எத்தனை தீ அணைச்சேன்?"

"எனக்கென்னடா தெரியும்?"

"ஒரு வைக்கோல் படப்பு. அதுக்கு முந்துன மாசம் ஒண்ணுமே இல்ல. டெய்லி காலையில தண்ணி ரொப்புறேன், பம்பை ஓட்டிப் பாக்குறேன், பூட்ஸைக் கழட்டாம உக்காந்திருக்கேன். மணி அடிக்கலைன்னா அன்னைக்கு எல்லாருக்கும் நான்தான் வடை வாங்கிக் கொடுக்குறேன். என்னைய மட்டும் ஊருல தீயணைப்பு வீரர்னு சொல்லிக்கிட்டுத் திரியுறீகள்ல."

உரக்கடைக்காரர் பதில் சொல்வதற்குள், "பம்பை எத்தனை மணிக்கு ஓட்டிப் பாப்பீக?" என்று கேட்டார் இவர்.

"ஆறு மணிக்குங்க."

"சாயந்தரம்?"

"ஆள் மாறும்போது இன்னொரு தடவை ஓட்டிருவோம்."

"டயரு? நின்ன எடத்துலயே நிக்கிற வண்டிக்கு டயரு அடியில சப்பையாகிருமே."

"ஆமாங்க, அதுதான் எங்களுக்கும் தொல்லை. கொஞ்சம் முன்ன பின்ன உருட்டி நிறுத்துவோம்."

"உருட்டுனா மட்டும் பத்தாது. வாரத்துக்கு ஒருக்கா ஜாக்கி போட்டுத் தூக்கி..."

இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் குனிந்து, தரையில் விரலால் டயர் வரைய ஆரம்பித்துவிட்டார்கள். பிரேக்கு, ஓஸ் பைப்பு, பேட்டரி என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் இருக்கிற நினைப்பே இல்லை. இத்தனை நாள் ஷெட்டில் நாங்கள் கேலி பண்ணிக் கேட்ட கேள்வியை எல்லாம் அந்தப் பையன் நிசமாகக் கேட்டான். இவர் முகத்தில் ஏறிய வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

உரக்கடைக்காரர் கொஞ்ச நேரம் இதைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, மாமனும் மருமகனும் அவுகளாவே நிச்சயம் பண்ணிக்கிட்டாக போல" என்றார்.

"பண்ணட்டும். நம்ம ரெண்டு பேரும் காபி குடிப்போம்" என்றேன்.

பிள்ளை காபி கொண்டு வந்தது. ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை. உரக்கடைக்காரர் ஒரு மிடறு குடித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "ஏலே, காரு டிக்கியில பூத்தட்டு இருக்கு, எடுத்துட்டு வா" என்றார்.

"பூத்தட்டு கொண்டாரலைன்னுல்ல நினைச்சோம்" என்றார் மதனி.

"சண்டை போடத்தான் தாயி வந்தேன். இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டுமேன்னு கெளம்பும்போது வாங்கிப் போட்டேன்."

அந்தப் பிள்ளைதான் முதலில் சிரித்தது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தும் அடங்கவில்லை. அதைப் பார்த்து மதனி சிரித்தார், பையன் சிரித்தான், கடைசியில் என்ன என்று புரிந்துகொண்டு உரக்கடைக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூ ஈரத்துணியில் சுற்றி வாடாமல் இருந்தது. நல்ல மல்லிகை. இவர் அதைக் கையில் வாங்கி, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீக" என்றார். அவர் வாயால் அப்படி ஒரு பாராட்டு என் ஏழு வேனுக்கும் கிடைத்ததில்லை.

கல்யாணம் அருப்புக்கோட்டையில் நடந்தது. மண்டபம் பேசியது, பந்தல், சமையல் எல்லாம் நான். இன்றைக்கும் அந்தச் சாப்பாட்டைச் சொல்லாத ஆள் கிடையாது. தாலி கட்டி முடிந்ததும் உரக்கடைக்காரர் இவரைக் கையைப் பிடித்து, திருச்சுழிக் கடைத்தெரு ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். இந்த மனிதர் இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு உள்ளூரப் பயம்தான்.

"இவுகதான் எங்க சம்பந்தி" என்றார் உரக்கடைக்காரர், மண்டபத்துக்கே கேட்கிற குரலில். "ஜனாதிபதிக்குப் போட்டிருந்த ரெண்டாவது பிளேனு இவுக கையிலதான் இருந்துச்சு. அதுல ஜனாதிபதி ஏறுனதே கெடையாது."

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பந்திக்கு எழுந்தவர் நின்றுவிட்டார். "ஏறாத பிளேன்ல என்னப்பா பெருமை?"

உரக்கடைக்காரர் சம்பந்தியின் தோளில் கையைப் போட்டார். இவர் மாலைக்குள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தார். உரக்கடைக்காரரே பதில் சொன்னார்:

"அவுக ஏறல. இருபது வருசத்துல எந்த நிமிசம் வந்து ஏறியிருந்தாலும் கெளம்பியிருக்கும்."